ஐந்து விழுக்காடு

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: ஆண்டு வருமானம்.
எந்த ஆண்டு சார், என்று கேட்டேன்.
தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு இறங்கி
மாரண்டஅள்ளி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்களே, அதுவா?
நூற்றிருபதுக்கு ஏறி
மண்டிக்காரர் மகனுக்குப் புதுக் கார் வந்ததே, அதுவா?
கிராம நிர்வாக அலுவலர் பேனாவை மூடினார்.
"உன் கூலி எவ்வளவும்மா?"
ரெண்டு வருஷமும் முந்நூத்தம்பதுதான் சார்.
"அப்புறமென்ன" என்று
அவரே ஒரு தொகை எழுதிக்கொண்டார்,
எழுபத்திரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே,
என் கால் கோட்டுக்குள் இருக்கும்படி.

பாலக்கோடு பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மூடிப்போன சீட்டுக் கம்பெனியின் மாடியில் பயிற்சி.
எழுபத்தைந்து நாள். நாளுக்கு நூறு ரூபாய் உதவித்தொகை.
அறுபது நாளாவது விரல் வைக்க வேண்டும்;
குறைந்தால் பணமும் இல்லை, சான்றிதழும் இல்லை.
முந்நூற்றைம்பதை விட்டு நூறுக்குப் போகிறாயா,
உனக்குக் கணக்கே வராது என்றார் வீட்டுக்காரர்.
தப்பாகச் சொல்லவில்லை.
அதனால் நானும் பச்சையம்மாவும்
இரவு இரண்டு மணிக்கே மண்டிக்குப் போய்
எட்டரை வரை தரம் பிரித்து, பாதிக் கூலி வாங்கி,
ஒன்பதரைக்கு மாடியேறினோம்.
காம்பின் பச்சை வாசம்
சால்டரிங் புகையிலும் போகவில்லை.

பயிற்றுநர் ஜெயவேலன் எங்களைத் தூங்க விட்டார்.
அவருக்கே மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது
பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் மேசையில் மின்தடைகளைக் கொட்டினார்.
நெல்மணி அளவு. உடம்பெல்லாம் வண்ணப் பட்டை.
பழுப்பென்றால் ஒன்று. கறுப்பு சுழியம்.
மூன்றாவதாகச் சிவப்பு வந்தால் இன்னும் இரண்டு சுழியம்.
ஆயிரம் ஓம்.
டிப்ளமா படித்த பையன்கள் தாளைப் புரட்டுவதற்குள்
பச்சையம்மா நான்கு குவியலாகப் பிரித்திருந்தாள்.
"செங்காய், பழம், கனிஞ்சது மாதிரிதானே சார்."
கடைசியில் தங்கக் கோடு எதுக்கு என்று கேட்டாள்.
அது பொறுத்துக்கொள்ளும் அளவு, என்றார்.
ஐந்து விழுக்காடு முன்னேபின்னே இருந்தாலும்
சரியென்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆடியில் அவள் மகனுக்கு டெங்கு.
தருமபுரி பெரியாஸ்பத்திரியில் பதினைந்து நாள்.
திரும்பி வந்த அன்று
இயந்திரம் அவள் விரலை வாங்கவில்லை.
புளிப்பு தின்ற விரல்.
துடைத்தாள், ஈரம் தொட்டாள், எண்ணெய் தடவினாள்.
சிவப்பு விளக்கு.
நாங்கள் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க
அவள் அன்று வரவில்லை.
கடைசிக் கணக்கு ஐம்பத்தொன்பது.
ஜெயவேலன் சென்னைக்கு மூன்று முறை போன் போட்டார்.
கம்ப்யூட்டர் ஏற்காது என்றார்கள்.

எனக்கு ஓசூரில் வேலை.
நாலரை மணி இருட்டில் கம்பெனி பஸ்,
ராயக்கோட்டை தாண்டும்வரை யாரும் பேச மாட்டார்கள்.
பிடித்தம் போகப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

மகளின் படிப்புதவிக்கு
மறுபடி வருமானச் சான்று கேட்டுப் போனேன்.
அதே பேனா.
"இனி நீ இதுல வரமாட்டேம்மா."
சந்தோஷமாகத்தான் சொன்னார்.
படியிறங்கும்போது கூட்டிப் பார்த்தேன்,
போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு.
வந்ததுதான் கூட. கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்;
அதில்தான் வாரவட்டிக்காரன்
எங்கள் தெருவுக்குள் வருவதை நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போனேன், வாங்குவதற்கு.
கூடைகளுக்கு நடுவில் பச்சையம்மா.
முன்பெல்லாம் மூன்றாந்தரத்தில் வெடித்ததைப் பொறுக்கி
இரண்டு பேரும் முந்தானையில் முடிந்துகொள்வோம்.
இன்று முதல்தரக் கூடையில் கைவிட்டு
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் போட்டாள்.
நான் கேட்கவில்லை.
பையனைப் பற்றிச் சொன்னாள். தேறிவிட்டானாம்.
கைத்தராசைத் தூக்கி விலை சொன்னாள்.
தட்டு என் பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது.
பார்த்தாள்.
அப்படியே பையில் கவிழ்த்தாள்.